மார்கழி வாடையில் ஆறடி மீன்தொட்டி: குறைந்த கரண்ட் செலவில் சூடு காப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் மீன்தொட்டிக்கு ஹீற்றர் எதற்கு என்று கேட்பவர்கள் பங்குனி, சித்திரையை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கார்த்திகையின் பிற்பகுதி தொடங்கித் தை முடியும்வரை, விடியற்காலை நாலு மணிக்கு, வாடைக்காற்று கிராதிக்குள்ளால் நுழைகிற விறாந்தையில் டிஸ்கஸ் என்கிற சூடு விரும்பும் அலங்கார மீன் வளர்க்கிற ஒரு தொட்டியின் முன்னால் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி வராது. இரவில் காற்று 21, 22 பாகை செல்சியஸுக்கு இறங்கும். டிஸ்கஸுக்கு வேண்டியது 28.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் குளிரில் விறைத்துச் செத்தன. அந்த இரண்டு நாளும் என் தொட்டியில் 300 வாற் ஹீற்றர் ஒன்று நிறுத்தாமல் எரிந்துகொண்டே இருந்தது. இருந்தும் தண்ணீர் 28இலிருந்து 24க்கு வந்துவிட்டது. மீன்கள் நிறம் கறுத்து ஒரு மூலையில் ஒட்டி நின்றன. ஐந்தாம் நாள் செட்டைகளில் உப்புத்தூள் தூவினதுபோல வெண்புள்ளி நோய்.

இன்னொரு ஹீற்றர் வாங்கிப் போடுவதுதான் வழி என்று அப்போது நினைத்தேன். அது ஓட்டை வாளிக்கு இரண்டாவது குழாயைத் திறந்துவிடுகிற வேலை என்பது பிறகுதான் விளங்கியது. கீழே எழுதுவது எல்லாம் அந்த ஓட்டைகளை அடைக்கும் முறை. ஹீற்றர் கடைசியில்தான் வரும், அதுவும் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாக வரும்.

என் தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 680 லீற்றர் பிடிக்கும். மேலே விடுகிற இடம், மணல், மரக்கட்டை எல்லாம் கழித்தால் 600 லீற்றர் தண்ணீர். கணக்குகளை இந்த 600ஐ வைத்தே போடுகிறேன். உங்கள் தொட்டிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மீனுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று முடிவெடுங்கள்

கோல்ட் ஃபிஷ், கோய் வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திவிடலாம். அவற்றுக்கு யாழ்ப்பாணத்துக் குளிர் ஒரு குளிரே இல்லை. கப்பி 22 பாகையைத் தாங்கும். ஒஸ்காருக்கு 24க்குக் குறையாமல் இருந்தால் போதும், ஏஞ்சலுக்கு 25. டிஸ்கஸ் மட்டுமே 28க்குக் கீழே போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

டிஸ்கஸுக்கு 30இல் வைப்பவர்கள் உண்டு. குஞ்சு வளர்க்கும்போது அது சரி. வளர்ந்த மீனுக்கு 28 போதும். இந்த இரண்டு பாகை சின்ன விஷயம் இல்லை. மார்கழியில் பகலும் இரவும் சேர்த்து விறாந்தைக் காற்றின் சராசரி 24.5 என்று வைத்தால், 30இல் வைக்கிற தொட்டி காற்றைவிட 5.5 பாகை மேலே நிற்கிறது, 28இல் வைப்பது 3.5 மேலே நிற்கிறது. சூடு ஒழுகுவது இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆகவே 30ஐ 28 ஆக்கியவுடன், ஒரு சதமும் செலவழிக்காமல், ஹீற்றர் செலவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

உங்கள் தெர்மோமீற்றர் சொல்வது உண்மையா என்பதையும் இப்போதே பாருங்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கிற டிஜிற்றல் தெர்மோமீற்றர் இருக்கும். ஒரு கோப்பையில் உடம்புச் சூட்டளவுக்கு வெந்நீர் எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்துக் கலக்கிப் பாருங்கள். காய்ச்சல் கருவி 37 காட்டும்போது தொட்டிக் கருவி 35.5 காட்டினால் அது ஒன்றரைப் பாகை குறைத்துச் சொல்கிறது. அதை நம்பி ஹீற்றரை வைத்தவர் மாதம் முழுக்க ஒன்றரைப் பாகைக்கு வீணாகக் காசு கட்டுகிறார். கண்ணாடியில் ஒட்டுகிற நிறம் மாறும் பட்டியை நான் பாவிப்பதில்லை. அது தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே நின்று இரண்டையும் கலந்து சொல்லும்.

ஓர் இரவு அளந்து பாருங்கள்

பலர் தவறவிடுகிற படி இதுதான். இது இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் குருட்டு வேலை.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வாற்-மணி வேண்டும். 600 லீற்றருக்கு ஏறத்தாழ 700, அதாவது 0.7 யுனிற். இந்த ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என் தொட்டியில் ஒரு பாகை என்பது 0.7 யுனிற்.

அதிக குளிரில்லாத ஒரு நாள் இரவு பத்து மணிக்குத் தண்ணீரின் சூட்டைக் குறித்துவிட்டு ஹீற்றரை நிறுத்துங்கள். பில்ரர் ஓடட்டும். காலை ஆறு மணிக்கு மறுபடி குறியுங்கள். இரண்டு மூன்று பாகை ஓர் இரவில் மெல்ல இறங்குவதால் நலமான மீனுக்கு ஒன்றும் வராது. நோய்ப்பட்ட மீன் இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுங்கள்.

என் தொட்டி அன்று 28.0இலிருந்து 25.4க்கு இறங்கியது. 2.6 பாகை. 0.7ஆல் பெருக்கினால் 1.8 யுனிற். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் சராசரி 228 வாற் ஒழுக்கு. இருபத்திரண்டு பாகை இரவிலேயே இப்படி என்றால், புயல் காற்றில் 300 வாற் ஹீற்றர் தோற்றதில் அதிசயம் இல்லை.

அதே இரவில் இன்னொன்றையும் அளக்கலாம். தண்ணீர் மட்டத்தில் கண்ணாடிக்கு வெளியே பேனாவால் ஒரு கோடு போட்டு, மறுநாள் அதே நேரம் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆறடிக்கு இரண்டடித் தொட்டியில் ஒரு மில்லிமீற்றர் என்பது 1.1 லீற்றர். ஒரு லீற்றர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.68 யுனிற் சூட்டைக் கொண்டு போகிறது. வாடைக்காற்று அடிக்கிற நாளில் என் தொட்டியில் நாலு மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. கிட்டத்தட்ட நாலரை லீற்றர், மூன்று யுனிற். கண்ணுக்குத் தெரியாமல் மேலே போகிற இந்த ஆவிதான் பெரிய திருடன் என்று கோட்டைப் பார்த்த பிறகே நம்பினேன்.

மேல்வாயை மூடுங்கள்

ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கண்ணாடி மூடி நல்லது, ஆனால் ஆறடிக்கு ஒரே துண்டாகப் போட்டால் தூக்கும்போது உடையும். மூன்று துண்டாக வெட்டுவித்து, விளிம்பை உரசிக் கூர் நீக்கச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் அதைச் செய்து தருவார்கள். தொட்டியின் உள்விளிம்பில் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிலிக்கனால் ஒட்டி, அதன்மேல் மூடியை வையுங்கள். முன்பக்கம் கொஞ்சம் தாழ இருந்தால் அடியில் படிகிற நீர்த்துளி வழிந்து தொட்டிக்குள்ளேயே விழும், வெளியே சொட்டாது.

எனக்குக் கண்ணாடியைவிடப் பிடித்தது இரட்டைச் சுவர் பொலிகாபனேற் ஷீற். காருக்குக் கூரை போடுகிறவர்களிடம் வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவே காற்றறைகள் இருப்பதால் அது தானே சூட்டைப் பிடிக்கும், பாரமும் இல்லை. வெட்டின பக்கத்துத் துளைகளை ரேப் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும்.

முழுக்க அடைத்துவிட வேண்டாம். பின்பக்கம் வயரும் குழாயும் போகிற இரண்டங்குல இடைவெளி போதும், அதனூடாகக் காற்று மாறும். மீன் மூச்சு விடுவதற்குத் தண்ணீர் மேற்பரப்பு அசைய வேண்டும். அந்த அசைவை பில்ரரின் வாய் தரட்டும். காற்றுப் பம்ப் வைத்திருப்பவர்கள் குமிழியைக் குறைத்து வையுங்கள். பம்ப் உறிஞ்சுவது விறாந்தையின் 22 பாகைக் காற்றை. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது ஈரத்தையும் சூட்டையும் சேர்த்துத்தான் வெளியே வரும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற பம்ப்பின் சூடு தொட்டிக்குள்ளேயே தங்கும். 30 வாற் பம்ப் என்றால் அது நாள் முழுக்க எரிகிற ஒரு குட்டி ஹீற்றர்.

மூடி போட்ட மறுநாளே கோட்டைப் பார்த்தேன். ஒரு மில்லிமீற்றர்கூட இறங்கவில்லை.

ரெஜிபோம் சட்டை

அடுத்தது கண்ணாடி. பத்து மில்லிமீற்றர்க் கண்ணாடி என்றால் கனமாகத் தெரியும். சூட்டுக்கு அது வெறும் வேட்டித் துணி. ஓர் அங்குல ரெஜிபோமை (பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகை, தெர்மோகோல் என்றும் சொல்வார்கள்) பின்னால் வைத்தால் அந்தப் பக்கத்து ஒழுக்கு ஐந்தில் ஒரு பங்காகும்.

புதிய ஷீற் வன்பொருள் கடையில் கிடைக்கும். காசைக் குறைக்க இன்னொரு வழி உண்டு. குருநகர், பாசையூர்ப் பக்கம் மீனும் நண்டும் ஏற்றுகிற ரெஜிபோம் பெட்டிகளின் உடைந்த மூடிகளும் பக்கங்களும் குவிந்து கிடக்கும். கேட்டால் தருவார்கள். மீன் மணம் போக வெயிலில் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் காயவிட்டால் சரி. துண்டு துண்டாக இருந்தால் என்ன, பொருத்துகளை அகலமான பொதி கட்டும் ரேப்பால் ஒட்டிவிடலாம். கத்தியை மெழுகுதிரியில் லேசாகச் சூடாக்கி வெட்டினால் மணிமணியாக உதிராது. அதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், புகையை மூச்சில் எடுக்காதீர்கள்.

ஒட்டுவதில் கவனம் வேண்டும். சப்பாத்துக்கு ஒட்டுகிற மணக்கிற பசை, தின்னர் கலந்த பெயின்ற் இரண்டும் ரெஜிபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். நான் பசையே பாவிக்கவில்லை. தொட்டியைச் சுற்றி நாடா கட்டி இறுக்கியிருக்கிறேன், கழற்றவும் இலகு.

கண்ணாடிக்கும் ரெஜிபோமுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதன் மேல் விளிம்பைக் கட்டாயம் அடையுங்கள். திறந்து விட்டால் அந்த இடுக்கு புகைபோக்கிபோல வேலை செய்யும். கண்ணாடியில் பட்டுச் சூடான காற்று மேலே போக, கீழிருந்து குளிர்காற்று ஏறிக்கொண்டே இருக்கும். போட்ட ரெஜிபோமில் பாதிப் பயன் அதிலேயே போய்விடும்.

பின்பக்கமும் இரண்டு ஓரங்களும் நிரந்தரமாக இருக்கட்டும். உட்பக்கம் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் மீனின் நிறமும் எடுப்பாகத் தெரியும். முன்பக்கத்துக்கு ஒரு தனிப் பலகை செய்து, இரவு விளக்கணைத்த பிறகு சாத்தி, காலையில் எடுங்கள். பார்ப்பதற்காகத்தான் மீன் வளர்க்கிறோம், பகலில் மறைக்க வேண்டாம். பகலில் காற்று 27, 28க்கு வந்துவிடுவதால் அப்போது ஒழுக்கும் குறைவு. மூடியின் மேலும் இரவில் ஒரு துண்டு போடலாம், விளக்கு எரியும்போது மட்டும் போடக்கூடாது.

அடியில் போடுவது புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு மட்டுமே முடியும். கண்ணாடி சமமாக இருக்கவென்று எப்படியும் ஒரு ரெஜிபோம் போடுவீர்கள், அதை ஓர் அங்குலக் கனத்தில் போட்டுவிடுங்கள். நிரம்பிய தொட்டியைத் தூக்க நினைக்காதீர்கள். 600 லீற்றர் என்பது 600 கிலோ. அதற்குப் பதிலாக மேசையின் காலிடைவெளியைச் சுற்றிப் பலகையோ சாக்கோ கட்டி, கீழே காற்று ஓடாமல் செய்தால் பாதிப் பலன் கிடைக்கும்.

எறும்பும் எலியும் ரெஜிபோமை விரும்பும். கிழமைக்கு ஒரு தடவை பின்னால் ரோச் அடித்துப் பாருங்கள். எறும்பு மருந்து தெளிக்கவே கூடாது, அதில் ஒரு துளி தண்ணீரில் விழுந்தால் மீன் மிஞ்சாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பதே எங்கள் வீட்டு முறை.

இவ்வளவும் செய்த பிறகு அதே இரவுச் சோதனையை மறுபடி செய்தேன். எட்டு மணித்தியாலத்தில் 0.7 பாகைதான் இறங்கியது. அரை யுனிற். 228 வாற்றாக இருந்த ஒழுக்கு 60க்கு வந்துவிட்டது. அந்தக் காலையில் தெர்மோமீற்றரைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை பார்த்தேன்.

வாடையை வெளியே நிறுத்துங்கள்

வீட்டுக்குள் ஓர் அறை இருந்தால் தொட்டியை அங்கே வையுங்கள். விறாந்தைதான் என்றால் வடகிழக்கு மூலையைத் தவிருங்கள். வாடை அங்கேயிருந்துதான் அடிக்கும், மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வருவதால் வடக்குப் பக்கத்தில் வெயிலும் படாது. மாற்ற வசதியில்லாதவர்கள் கிராதிக்கு வெளியே ஒரு கிடுகுத் தட்டி கட்டுங்கள். ரார்ப்போலின் காற்றில் அடித்து அடித்துக் கிழியும், இரவில் சத்தமும் போடும். கிடுகு காற்றை உடைத்துவிட்டுத் தான் அசையாமல் நிற்கும்.

கிணற்றில் கிடக்கிற இலவசச் சூடு

திருவெம்பாவைக் காலத்து விடியற்காலையில் கிணற்றடியில் குளித்தவர்களுக்கு இது தெரியும். வெளியே உடம்பு நடுங்கும், அள்ளி ஊற்றுகிற முதல் வாளி வெதுவெதுப்பாக இருக்கும். எனக்கு அதை நினைவுபடுத்தியவர் பக்கத்து வீட்டு ஐயா. நான் மேல் தாங்கியிலிருந்து பைப் போட்டுத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, கிணத்துத் தண்ணி இந்தக் குளிருக்கும் சூடாத்தானே கிடக்கு. ஏன் ராவு முழுக்கக் குளிர்ந்த தாங்கித் தண்ணியை விடுறாய்?" என்றார்.

நிலத்தடி நீரின் சூடு ஆண்டு முழுவதுக்குமான சராசரிக் காற்றுச் சூட்டை ஒட்டியே நிற்கும். யாழ்ப்பாணத்தில் அது 27, 28 பாகை. கூரைமேல் தாங்கியில் இரவு கிடந்த தண்ணீர் விடிய 22. கிழமைக்கு 120 லீற்றர் மாற்றுகிறவர் தாங்கித் தண்ணீரை விட்டால் தொட்டி 1.2 பாகை இறங்கும், ஹீற்றர் 0.84 யுனிற் கூட எரிக்க வேண்டும், மீனும் அதிரும். அதே 120 லீற்றரைக் காலையில் மோட்டரைப் போட்டு நேரே கிணற்றிலிருந்து எடுத்தால் இறக்கமே இல்லை. பைப்புக்குள் நின்ற குளிர்ந்த தண்ணீர் முதலில் மரத்துக்குப் போகட்டும். வெயில் எறிக்கிற நாளில் இதற்கு நேர்மாறாகச் செய்யலாம். பின்னேரம் மூன்று மணிக்குக் கறுப்புத் தாங்கியின் தண்ணீர் 30க்கு மேலே இருக்கும், அதைக் கலந்துவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை அப்படியே கொட்டாதீர்கள். நிலத்துக்கு அடியில் கிடந்த தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, கரியமில வாயு அதிகம். பீப்பாயில் நிரப்பி, ரெஜிபோம் மூடி போட்டு, காற்றுக்கல்லால் ஒரு மணித்தியாலம் நன்றாகக் கலக்கிய பிறகு விடுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் சூடு அதிகம் போகாது. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தக் கிழமை வேண்டாம். தோட்டக் காணிக்குள் இருக்கிற கிணறு என்றால் உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற் இருக்கலாம், ஒரு தடவையாவது சோதித்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க மழைநீர் சேர்ப்பவர்கள் அதை முந்தின நாளே வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும். மழைநீர் எல்லாவற்றிலும் குளிர்ந்தது.

இப்போது ஹீற்றர்

லீற்றருக்கு ஒரு வாற் என்று கடையில் சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி எனக்கு 600 வாற் வேண்டும். மூடியும் சட்டையும் போட்ட தொட்டிக்கு அது கூடாது என்பதற்குக் காசைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

ஹீற்றர் கெடும்போது பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெடும். எரியாமல் போகும், அல்லது நிறுத்தாமல் எரியும். இரண்டாவதுதான் மீனைக் கொல்லும். சூடு ஒழுகாத தொட்டியில் அது இன்னும் விரைவாகக் கொல்லும், ஏனென்றால் சூடு போக வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். 300 வாற் ஹீற்றர் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றால் என் தொட்டி ஒரே நாளில் 8 பாகைக்கு மேல் ஏறும். 28 என்பது 36 ஆகும். 100 வாற் ஒட்டிக்கொண்டால் ஒரு நாளில் 3 பாகைக்குள் நிற்கும், காலையும் மாலையும் தெர்மோமீற்றரைப் பார்க்கிறவருக்கு அதைக் கண்டுபிடிக்க நேரம் இருக்கும்.

ஆகவே 100 வாற்றில் இரண்டு. இரவில் ஒழுகுவது 60 வாற் என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். புயல் நாளில் இரண்டும் சேர்ந்து தாங்கும். உங்கள் தொட்டிக்கு எவ்வளவு என்று அறிய, சட்டை போட்ட பிறகு செய்த இரவுச் சோதனையில் வந்த வாற் எண்ணை மூன்றால் பெருக்கி, அதை இரண்டு ஹீற்றராகப் பிரியுங்கள்.

இதோடு தனியான டிஜிற்றல் தெர்மோஸ்ராற் ஒன்று, அதாவது சொன்ன சூடு வந்ததும் ஹீற்றரை நிறுத்துகிற கருவி, வாங்குங்கள். இதில் மட்டும் காசைப் பார்க்க வேண்டாம். ஹீற்றருக்குள் இருக்கிற தெர்மோஸ்ராற் விலை குறைந்தவற்றில் ஒரு சின்ன உலோகப் பட்டைதான், வருடக்கணக்கில் திறந்து மூடி ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். வெளித் தெர்மோஸ்ராற்றை 28இலும் ஹீற்றர்களின் குமிழை 29இலும் வையுங்கள். தினமும் நிறுத்தி எரிக்கிற வேலையை வெளியே இருப்பது செய்யும். அது ஒட்டிக்கொண்டால் ஹீற்றர் தானே 29இல் நிற்கும். இரண்டும் ஒரே நாளில் கெடுவது அரிது. பெட்டி இல்லாமல் வெறும் கருவியாக விற்பதை வாங்கினால், மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மூடிய பெட்டிக்குள் பூட்டுவியுங்கள். 230 வோல்ற் கம்பி திறந்து கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஈரக்கை வரக்கூடாது.

ஹீற்றரைப் படுக்கையாக, தரைக்கு அரை அடி மேலே, பில்ரர் தண்ணீர் தள்ளுகிற ஓட்டத்தில் வையுங்கள். சூடான தண்ணீர் தானே மேலே ஏறும். நிமிர்த்தி மேலே வைத்தால் மேல்பாதி சூடாகவும் அடி குளிராகவும் நிற்கும். தெர்மோஸ்ராற்றின் உணரியைத் தொட்டியின் மறு அந்தத்தில் வையுங்கள், ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஏமாறி முன்னதாகவே நிறுத்திவிடும்.

எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் கேத்தலுக்குச் செய்வதை ஹீற்றருக்கும் செய்யும். இரண்டு மாதத்தில் கண்ணாடிக் குழாய்மேல் வெள்ளைப் பொருக்கு படியும். அது தடித்துவிட்டால் சூடு சரியாக வெளியே வராமல் குழாய் உள்ளேயே கொதித்து வெடிக்கும். கழற்றி எடுத்து, வினாகிரியில் துணியை நனைத்துச் சுற்றி அரை மணித்தியாலம் விட்டால் பொருக்கு நுரைத்துக் கழரும். கத்தியால் சுரண்டாதீர்கள்.

தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணித்தியாலம் முன்பே ஹீற்றரை நிறுத்துங்கள். சூடான குழாய் காற்றில் தெரிந்தபடி நிற்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரு சின்ன 'டிக்' சத்தம்தான் கேட்கும், குழாய் வெடித்திருக்கும். தொட்டியின் எல்லா பிளக்குகளும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சுக்குள் வர வேண்டும், அதன் சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு தடவை கீழே தொங்கி ஏறட்டும், வயர் வழியே வருகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். கையைத் தண்ணீரில் வைக்கும் முன் எல்லாவற்றையும் கழற்றுங்கள், அவசரத்திலும்.

பில்லில் என்ன மாறும்

எங்கள் வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறுவது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் யுனிற்றின் விலை கூடும், நிலையான கட்டணமும் கூடும். ஹீற்றர் எரிக்கிற யுனிற்றுகள் எல்லாம் வீட்டுப் பாவனைக்கு மேலே போய் உட்காருகிறவை. ஆகவே அவற்றைச் சராசரி விலையில் கணக்குப் போடாதீர்கள், உங்கள் பில்லில் இருக்கிற கடைசிப் படியின் விலையில் போடுங்கள்.

திறந்த தொட்டியாக இருந்தபோது மார்கழியில் எனக்கு நாளுக்கு நாலு யுனிற் அளவில் போனது, மாதம் 120. மூடியும் சட்டையும் வந்தபின் நாளுக்கு ஒன்று, மாதம் 30. முன்பு 80 யுனிற் எரிக்கிற வீடு 200க்குப் போய் உச்சப் படியைத் தொட்டது. இப்போது 110இல் நிற்கிறது. பிளக்கில் செருகிப் பார்க்கிற சின்ன மின்மானி ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம்.

கரண்ட் போனால்

காற்றும் மழையும் கூடின இரவில்தான் மரம் விழுந்து கம்பி அறும். குளிரும் அன்றைக்குத்தான் கூட. சட்டை போட்ட தொட்டி மணிக்கு 0.1 பாகைகூட இறங்காது, எட்டு மணித்தியாலம் போனாலும் ஒரு பாகைக்குள் நிற்கும். சூட்டைப் பற்றிப் பதறாதீர்கள். முதலில் முட்டுப்படுவது மூச்சு. பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்று எப்போதும் சார்ஜ் ஏற்றின நிலையில் இருக்கட்டும். இன்வேர்ட்டரில் ஹீற்றரைப் பூட்டாதீர்கள், பற்றரியை அது குடித்துவிடும். பில்ரர் பம்ப் மட்டும் ஓடட்டும்.

வெந்நீர்ப் போத்தல் மிதக்கவிடுவது சின்னத் தொட்டிக்குச் சரி. ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் 70 பாகைத் தண்ணீர் நிரப்பிப் போட்டால் 600 லீற்றர் ஏறுவது 0.1 பாகை. ஒரு பாகைக்குப் பத்துப் போத்தல் வேண்டும். ஒரு நாளுக்கு மேல் கரண்ட் வராவிட்டால் விறகடுப்புத்தான் கைகொடுக்கும். பனை மட்டையும் கொக்கரையும் வளவில் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. தொட்டியிலிருந்தே 20 லீற்றர் அள்ளி, எவர்சில்வர்ப் பானையில் 60 பாகைக்குச் சூடாக்குங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம், அதன் கசிவு மீனுக்கு நஞ்சு. சூடான தண்ணீரை வாளியில் தொட்டித் தண்ணீரோடு சரிபாதி கலந்து, மீன் நிற்காத மூலையில் குவளை குவளையாக, அரை மணித்தியாலம் எடுத்து ஊற்றுங்கள். 20 லீற்றருக்கு ஒரு பாகை ஏறும்.

வெண்புள்ளி வந்துவிட்டால்

குளிரில் தளர்ந்த மீனில்தான் இது ஏறும். ஒரேயடியாகச் சூட்டைக் கூட்டாமல், நாளுக்கு ஒரு பாகையாக 30க்குக் கொண்டுபோய், காற்றுக் குமிழியைக் கூட்டி, பத்து நாள் அங்கேயே வையுங்கள். சூடு கூடினால் வெண்புள்ளியை உண்டாக்குகிற ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று சில நாட்களுக்குள் சுருங்கும், மீனை விட்டு விழுகிற நிலையில்தான் மருந்து அதைப் பிடிக்கும். மருந்தை அளவாகப் போடுங்கள், புள்ளி மறைந்த உடனே நிறுத்திவிடாதீர்கள்.

மாசி பிறந்தால்

வாடை நின்று, இரவு 25க்குக் கீழே இறங்காத கிழமையில் முன்பலகை சாத்துவதை நிறுத்துங்கள். பங்குனி வெயிலுக்கு முன் பின்பக்கத்தையும் ஓரங்களையும் அவிழ்த்துவிடுங்கள், அப்போது வேலை தண்ணீரைக் குளிர வைப்பது. ரெஜிபோமை ஈரமில்லாமல் துடைத்து, எலி எட்டாத உயரத்தில் தட்டையாக அடுக்கி, எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று பேனாவால் எழுதி வையுங்கள். ஹீற்றர்களைப் பொருக்கு நீக்கிக் காயவைத்து, வாங்கின மாதத்தை அதன் வயரில் ஒரு துண்டு ரேப்பில் எழுதி ஒட்டுங்கள். மூன்று வருடம் தாண்டினதை அடுத்த கார்த்திகையில் நான் தொட்டிக்குள் விடுவதில்லை.